மடல் விடுத்தார்க்கு நூல்

ஒரு நூலைப் பெறுதற்கு வழிகள் மூன்று. நூல் உள்ள இடத்திற்குத் தாமே சென்று கற்பது ஒன்று. பொருள் கொடுத்து வாங்குவது மற்றொன்று. உடையவர்க்கு மடல் விடுத்து, படி ஒன்று வேண்டிப் பெறுவது மூன்றாவது. முதல் வழி உடல் வலிமையும் ஓய்வும் உடையார்க்கே இயலும். இரண்டாம் வழி பொருளுடையார்க்கு உரியது. மூன்றாம் வழியோ எழுத்தறிந்த எவர்க்கும் உரியது. இம்மூன்றாம் வழியைக் கணினி உலகம் ஒரு காலத்தில் மேற்கொண்டு, ஓர் அறச்சாலை போல நடத்தி வந்தது; பின்னர் அதனைப் பெரும்பாலும் மறந்தும் விட்டது. அவ்வரலாற்றை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்துகொள்வது நலம் பயக்கும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

புத்தளக் கரையோரத்தில் வாழும் நமக்கு மடல்வழிக் கல்வி புதிதன்று. 1807ஆம் ஆண்டில் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் அவற்றின் செய்திகளையும் அகரவரிசைப்படுத்திய ஒரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து, 'தமிழ் புளூட்டாக்' என்னும் பெயரில், அதனையும் ஆங்கிலத்தில் தந்தார். தலைநகரினும் யாழ்ப்பாணத்தினும் விலகிக் கிடந்த இக்கரையில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே இத்துணைச் செய்திகளைத் திரட்டியவர்க்குக் கேட்டுப் பெறும் வழியன்றி வேறு துணை என்ன இருந்திருக்கும்? யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து தமிழகத்தில் வாழ்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, ஏடு வைத்திருந்தாரைத் தேடித் தேடிக் கேட்டே அவற்றைத் திரட்டினார். கேட்டாரும் கொடுத்தாரும் சேர்ந்தே நம் பழந்தமிழைக் காத்தனர்.

ஆயினும் அம்முறையில் ஒரு குறை உண்டு. மடலைப் பெற்றவர் ஊரில் இல்லாதிருக்கலாம். இருந்தும் மனம் இரங்காதிருக்கலாம். இரங்கினும் படியெடுக்க ஆள் கிடையாதிருக்கலாம். கேட்டவர் யார், எந்த ஊரினர், எக்குலத்தினர் என்று ஆராய்ந்து, அதன் பின்னரே ஏட்டை எடுத்தாரும் உண்டு. இக்குறைகள் யாவும் இல்லாத ஒரு கொடையாளி தோன்றினால் எப்படி இருக்கும்? அவ்வாறு ஒருவன் தோன்றினான். அவன் மனிதன் அல்லன்.

இயந்திரக் கணக்கன்

1985ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜாக் டொங்காரா என்பாரும், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எரிக் குரோஸ் என்பாரும் 'நெட்லிப்' என்னும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினர். கணித ஆராய்ச்சியாளர்க்கு வேண்டும் கணினி நிரல்கள் பல அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அதுவரை அவற்றை வேண்டினோர், உடையவர்க்கு எழுதி, காந்த நாடாவில் பதித்து அஞ்சலில் அனுப்பக் கேட்டுக் காத்திருத்தல் வேண்டும். நெட்லிப் அக்காத்திருப்பை ஒழித்தது. குறித்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பவேண்டும். அதில் 'சென்ட் இண்டெக்ஸ்', அதாவது 'அட்டவணையை அனுப்புக' என்று ஒரு வரி எழுதினாற் போதும். சிறிது பொழுதில் அட்டவணை வந்து சேரும். அதனைப் பார்த்து வேண்டிய நிரலின் பெயரைக் குறித்து மீண்டும் எழுதினால் அந்நிரலே வந்து சேரும்.

அம்முகவரியில் மனிதர் எவரும் அமர்ந்திருக்கவில்லை. மடல் வந்ததும் ஒரு கணினி நிரல் விழித்தெழும், அனுப்பியவர் முகவரியைக் குறித்துக்கொள்ளும், மடலின் உள்ளே உள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும், கேட்ட கோப்பைப் பேழையிலிருந்து எடுத்துப் புதிய மடலொன்றில் இட்டு, கேட்டவர்க்கே திருப்பி விடுக்கும், பின்னர் உறங்கும். நள்ளிரவாயினும் விடுமுறையாயினும் அதற்கு வேறுபாடு இல்லை. பேராசிரியர் கேட்டாலும் முதலாம் ஆண்டு மாணவன் கேட்டாலும் அதற்கு ஒன்றே.

இக்கணக்கனுக்கு மரியாதை மட்டும் தெரியாது. 'பேரன்புடையீர், வணக்கம். தங்கள் நலம் அறிய ஆவல்' என்று தொடங்கினால் அதனையும் ஒரு கட்டளை எனக் கருதி, 'இக்கட்டளை எனக்கு விளங்கவில்லை' என்று மறுமொழி விடுக்கும். மடலின் அடியில் ஒருவர் தம் பெயரும் பட்டமும் பதவியும் எழுதியிருந்தால் அவ்வரிகளுக்கும் அதே விடைதான். ஆதலால், வேண்டியதைக் கேட்டு முடித்தவுடன் 'முடிந்தது' என்னும் பொருள்படும் ஒரு சொல்லை எழுதி நிறுத்திவிடுதல் வழக்கமாயிற்று. பட்டங்களைப் படியாத கணக்கன் அவன்! அவ்வறியாமையே அவனுடைய நடுவுநிலைமைக்குக் காரணமாயிற்று என்று கூறினும் பிழையாகாது.

கடலைக் குடத்தில் அடைத்தல்

நெட்லிப் தன் பேழையில் உள்ளதை மட்டுமே கொடுத்தது. அடுத்த படி அதனினும் பெரிது. அக்காலத்தில் உலகெங்கும் பல கணினிகளில் பொதுமக்கள் எடுத்துக்கொள்ளத்தக்க கோப்புக்கள் குவிந்து கிடந்தன. ஆனால் அவற்றை எடுக்க இணையத்தோடு நேரடித் தொடர்பு வேண்டும். அத்தொடர்பு சில நாடுகளுக்கே வாய்த்திருந்தது. ஏனைய நாடுகளுக்குக் கிடைத்தது மின்னஞ்சல் ஒன்றே. அதுவும் ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்திருந்த மடல்களை ஒரே மூச்சில் கொடுத்து வாங்கிக்கொள்ளும் முறை. மாட்டுவண்டியில் தபால் பை போவதைப் போன்றது அது.

இந்நிலையினர்க்காக, டிஜிட்டல் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய போல் விக்சி என்பார் 'எஃப்டிபிமெயில்' என்னும் நிரலை எழுதினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மெலிண்டா வேரியன் என்னும் அம்மையார் 'பிட்எஃப்டிபி' என்பதை எழுதினார். இவை தம்மிடம் உள்ளதைக் கொடுப்பதோடு நில்லாமல், கேட்டவர் பொருட்டு வேறு கணினிக்குத் தாமே சென்று, அங்குள்ள கோப்பை எடுத்து வந்து, மடலில் இட்டு அனுப்பின. இன்ன கணினிக்குச் செல்க, இன்ன அறையுட் புகுக, இன்ன கோப்பை எடுக்க, பின்னர் விடைபெறுக என்று நான்கைந்து வரி எழுதினாற் போதும்.

இதில் இரண்டு இடர்கள் எழுந்தன. மின்னஞ்சல் அக்காலத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே கொண்டு செல்லும். படமோ நிரலோ அதில் ஏறா. 1980இல் பெர்க்கிலியில் மேரி ஆன் ஹோர்ட்டன் இயற்றிய 'யூயூஎன்கோடு' என்னும் முறை இதற்கு மருந்தாயிற்று. அது மூன்று பைட்டு அளவுள்ள எதனையும் நான்கு சாதாரண எழுத்துக்களாக மாற்றி எழுதிவிடும். பெற்றவர் மீண்டும் பழைய உருவிற்குத் திருப்பிக்கொள்வார். பருமன் மூன்றில் ஒரு பங்கு பெருகினும் பொருள் சிதையாது. மற்றோர் இடர், இடைவழிக் கணினிகள் பல பெரிய மடல்களை ஏற்க மறுத்தமை. ஆதலால் ஒரு கோப்பைப் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டு அனுப்பினர். ஏட்டுச்சுவடியை இதழ் இதழாகப் பெற்று, எண் பார்த்து அடுக்கிக் கயிறு கோப்பது போல, பெற்றவர் அவற்றை வரிசைப்படுத்திக்கொண்டார். ஓரிதழ் தவறினால் முழுச்சுவடியும் பயனிலதாம். அவ்விதழை மட்டும் மீண்டும் கேட்க வேண்டும்.

இம்முறையின் புகழ் 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் உச்சம் எய்தியது எனலாம். லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்து இயற்பியலாளர் போல் கின்ஸ்பார்க், அச்சேறும் முன்னரே ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்து, கேட்டவர்க்கு மடல்வழி அனுப்பும் தானியங்கி ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். ஆண்டிற்கு நூறு கட்டுரைகள் வரும் என்று எண்ணினார். முதல் அரையாண்டிலேயே நானூறு வந்தன. இன்று 'ஆர்க்கைவ்' என்னும் பெயரால் உலகறிந்த களஞ்சியம் அதுவே. முன்பெல்லாம் பெரிய பல்கலைக்கழகத்தாரே ஒருவர்க்கொருவர் படிகளை அனுப்பிக்கொண்டனர். ஏனையோர் மாதக்கணக்கிற் பின்தங்கி நின்றனர். மடல் எழுதத் தெரிந்த எவர்க்கும் அதே நாளில் அதே கட்டுரை என்ற நிலை வந்ததும், அறிவுலகில் முன்வரிசை பின்வரிசை என்னும் வேறுபாடு பெரிதும் குறைந்தது.

புதியதோர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வருவான் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படுவானை நோக்கி, நீயும் இன்ன வழியிற் செல்க, இன்ன வள்ளலைக் காண்க என்று வழிப்படுத்துவது அதன் இலக்கணம். பெற்ற ஒருவன் தன் பேற்றை மறைத்து வைக்காமல் பிறர்க்கும் வழிகாட்டுவதே அதன் உயிர்நிலை.

இப்பண்பு கணினி உலகிலும் தோன்றியது வியத்தற்குரியது. பொப் ராங்கின் என்பார், மின்னஞ்சல் ஒன்றையே கொண்டு இணையத்தின் பல பகுதிகளையும் அடைவது எவ்வாறு என்று விளக்கும் ஒரு கையேட்டை 1994இல் எழுதினார். எந்த முகவரிக்கு எழுதுவது, எச்சொல்லால் கேட்பது, வந்த துண்டுகளை எவ்வாறு இணைப்பது என்பனவெல்லாம் அதில் இருந்தன. அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. அந்தக் கையேட்டையும் மடல் விடுத்தே பெறலாம் என்பதுதான் அதன் அழகு. வள்ளலின் வாயிலிலேயே ஆற்றுப்படையும் கிடைத்தது.

நம் நாட்டில்

இலங்கைக்கு மின்னஞ்சல் வந்தது 1990ஆம் ஆண்டளவில். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால், பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்னும் கல்வி வலையமைப்பு மடல் மாற்றத் தொடங்கியது. வணிக முறையிலான இணையச்சேவை 1995இலேதான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இங்குள்ள ஆய்வாளர் ஒருவர் வெளிநாட்டுக் கோப்பொன்றைக் கணினி வழியே பெற விரும்பின், மேற்கூறிய மடற்கணக்கர்களே அவர்க்குக் கதவு. போர் மூண்டிருந்த நாட்டில், அந்நியச் செலாவணி அரிதாயிருந்த காலத்தில், ஒரு மடலின் செலவில் உலக நூலகத்தின் ஒரு மூலையேனும் திறந்தது சிறு செய்தியன்று.

மடலும் தொலைநூலகமும் சேர்ந்த மற்றொரு முயற்சியும் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் துணையோடு, கொத்மலைச் சமூக வானொலியினர் நேயர்களின் வினாக்களைப் பெற்று, இணையத்தில் விடை தேடி, வானொலியிலேயே விளக்கிக் கூறினர். கணினியைக் கண்டிராத சிற்றூர் மக்களும் இவ்வாறு இணையத்தைக் கேள்விச் செல்வமாகப் பெற்றனர்.

தமிழுக்கு ஓர் இடர் தனியே இருந்தது. ஆங்கில எழுத்தையே சுமந்த அம்மடலில் தமிழெழுத்து ஏறவில்லை. ஆதலால் தமிழை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அனுப்பி, பெற்ற இடத்தில் மீண்டும் தமிழாக்கும் நிரல்களை அன்பர் சிலர் இயற்றினர். கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் செய்த 'ஆதமி' அவற்றுள் ஒன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 'மதுரைத் திட்டம்' என்னும் பணியைத் தொடங்கினர். பல நாடுகளில் வாழும் தமிழர், ஒருவரையொருவர் நேரிற் காணாமலே, மின்னஞ்சலாற் பேசிப் பகுத்துக்கொண்டு, பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, விலையின்றி உலகிற்கு அளித்தனர். இன்றும் அப்பணி நடைபெறுகின்றது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அவ்வாறே காத்துத் தருகின்றது.

ஒரே படியின் துயரம்

இக்கொடையின் தனிச்சிறப்பு ஒன்றை இங்கே கூறுதல் வேண்டும். பொன்னைக் கொடுத்தால் கொடுத்தவனிடம் குறையும். கோப்பைக் கொடுத்தாலோ கொடுத்த இடத்திலும் இருக்கும். பெற்ற இடத்திலும் இருக்கும். கேட்பார் பெருகப் பெருகப் படிகளும் பெருகும்; ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் வாழும்.

இதன் அருமையை நம்மைப் போல் உணரத்தக்கார் அரியர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அவற்றுட் பல வேறெங்கும் படி இல்லாதவை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர், இரண்டொரு நாள்களுக்குள், சிலர் சில மணி நேரத்துக்குள், உடுத்த உடையோடு புறப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் நம் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கினர். வீட்டையும் நிலத்தையும் பிரிந்தமை கண்ணிற்குத் தெரிந்த இழப்பு. குடும்பத்தில் வழிவழி வந்த கையெழுத்துப் பிரதிகள், பழைய நூல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை விட்டு வந்தமை கண்ணிற்குத் தெரியாத இழப்பு. அதே ஆண்டில்தான் இந்நாட்டிற்கு மின்னஞ்சல் வந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. ஒரு படி மட்டுமே உள்ள நூல், நூலன்று. பேரிடர் ஒன்றிற்காகக் காத்திருக்கும் தாள்.

ஏன் மறைந்தது?

இத்துணை நன்மையுடைய முறை ஏன் அருகிற்று என்று கேட்கலாம். காரணங்கள் சில. உலகளாவிய வலைத்தளங்கள் பெருகியதும், நேரடித் தொடர்புடையோர் மடல் எழுதிக் காத்திருக்க விரும்பவில்லை. பெருங்கோப்புக்களைக் கேட்டோர் மிகுந்ததால் நடத்துவோர்க்குச் சுமை கூடியது. பிறர் பெயரில் பொய்மடல் விடுத்து, அவர் பெட்டியில் வேண்டாத கோப்புக்களைக் குவிக்கும் தீயோரும் தோன்றினர். வரும் மடலின் அளவிற்கு ஏற்பக் கட்டணம் செலுத்திய நாட்டவர்க்கு இது பொருளிழப்பும் ஆயிற்று. ஒருவர்க்கு நாளொன்றிற்கு இத்துணை என்று வரம்பிடுதலும், கேட்டவரை உறுதிப்படுத்திய பின்னரே அனுப்புதலும் ஆகிய தடுப்புக்கள் இருந்தன. ஆயினும் தேவை குறைந்தது என்று கருதி, ஒன்றன்பின் ஒன்றாக அக்கதவுகள் மூடப்பட்டன.

தேவை குறைந்ததா? வசதியுடையார்க்குக் குறைந்தது, அவ்வளவே. 2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாம் கண்டது என்ன? ஒரு வீட்டிற்கு ஒரு கைபேசி. அதனையும் தந்தையார் தொழிலுக்கு எடுத்துச் செல்வார். மாலையில் அது வீடு திரும்பியதும் மூன்று பிள்ளைகள் அதற்குக் காத்திருப்பர். அசையும் படமாக வந்த பாடங்கள் பாதி வழியில் நின்றன. எழுத்தாக வந்த பாடங்கள் மட்டும் தவறாமற் சேர்ந்தன. கற்பிட்டிக்கு அப்பாற்பட்ட தீவுகளில் வாடியடித்துத் தங்கும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகட்கு இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை.

பழைய மடற்கணக்கர்களின் அடிப்படைக் கொள்கை ஒன்று. தொடர்பின் குறையைக் கேட்பவன் தாங்குவதில்லை. கொடுக்கும் பொறியே தாங்கும். வெட்டுவதும் எண்ணிடுவதும் உருமாற்றுவதும் காத்திருந்து மீண்டும் முயல்வதும் பொறியின் வேலை. இன்றைய வலைத்தளங்கள் பலவற்றில் இக்கொள்கை தலைகீழாயிற்று. புதிய கைபேசியும் விரைவான தொடர்பும் கொண்டு வா, பின்னர் நூலைத் தருகின்றேன் என்கின்றன அவை. எழுத்தறிந்தால் போதும் என்றிருந்த வாயிலில் இப்பொழுது செல்வமும் கேட்கப்படுகின்றது. நாம் வருந்தவேண்டுவது ஒரு பழைய நிரல் மறைந்ததற்கு அன்று, இவ்வறம் மறைந்ததற்கே.

நாம் செய்யத்தக்கது

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். திருக்குறள் 1330 பாக்கள். பாவிற்கு ஏழு சீர். ஆக 9310 சீர்கள். இன்றைய ஒருங்குறி முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் பெறும். எவ்வாறு எண்ணினும் நூல் முழுவதும் ஏறத்தாழக் கால் மெகாபைட்டில் அடங்கிவிடும். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரிது. ஒரு படத்தைப் பார்க்கும் செலவில் பல அறநூல்களை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

ஆதலால் நம் கல்லூரிகளும் தமிழ்ச் சங்கங்களும் எண்ணிப் பார்க்கத்தக்க யோசனை ஒன்று உண்டு. உயர்தர வகுப்பு மாணவர்க்கு வேண்டும் பழைய நூல்களையும், நம் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புக்களையும், வெறும் எழுத்துக் கோப்புக்களாகச் சேர்த்து, ஒரு முகவரியில் வைக்கலாம். 'அட்டவணை' என்று எழுதினால் அட்டவணை வரவேண்டும்; நூலின் பெயரை எழுதினால் நூல் வரவேண்டும். கட்டளைச் சொற்கள் தமிழிலேயே இருக்கலாம். இதற்குப் பெருங்கணினி வேண்டியதில்லை. பாடசாலையில் உள்ள ஒரு மேசைக் கணினியும், நிரல் எழுதக் கற்கும் நம் மாணவர் இருவரும் போதும். கணினி வகுப்பும் தமிழ் வகுப்பும் சேர்ந்து செய்யத்தக்க நல்ல பயிற்சியாகவும் அது அமையும்.

உரிமை பற்றிய ஐயம் எழலாம். 2003ஆம் ஆண்டின் புலமைச்சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் கழிந்த நூல்கள் பொதுவுடைமை. நம் பழைய இலக்கியங்களும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அறிஞர் பலரின் உரைகளும் இதனுள் அடங்கும். வாழ்வோர் எழுதியவற்றிற்கு அவர்தம் இசைவைப் பெற்றுக்கொள்ளலாம். ஆசிரியர்கள் மறுப்பார்கள் என்று நாம் கருதவில்லை.

உப்பளத்தில் ஒரு பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்குப் பாய்ந்தால்தான் உப்பு விளையும். ஓரிடத்தில் தேங்கினால் விளைச்சல் இல்லை. புத்தளத்தார்க்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நூலும் அத்தகையதே. வாடியில் இருந்து ஒரு சிறுமி இரவு பத்து மணிக்கு ஒரு வரி எழுதி அனுப்பட்டும். விடியுமுன் அவள் கேட்ட நூல் அவள் கைக்கு வந்து சேரட்டும். அவள் யார் என்று வினவாத அக்கணக்கனை மீண்டும் பணியில் அமர்த்துவது நம் கையில் இருக்கின்றது.